முகவரி யாருக்குச் சொந்தம்? மெய்நிகர் இடைமுகங்களும் வன்பொருள் முகவரியும்

பதுளையிலோ பண்டாரவளையிலோ உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் மாணவி ஒருத்தி தன் மடிக்கணினியில் வெர்ச்சுவல்பாக்ஸை நிறுவி, அதற்குள் லினக்ஸை ஓட்டுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து, கொள்கலன்களை ஓட்டும் டொக்கரையும் போட்டுப் பார்க்கிறாள். கணினியின் பக்கவாட்டில் கம்பி செருகும் துளை ஒன்றுதான் இருக்கிறது. உள்ளே இருக்கும் வைஃபை அட்டையும் ஒன்றுதான். ஆனால் வலையமைப்பு இடைமுகங்களின் பட்டியலைக் கேட்டால் வரிசையாகப் பல பெயர்கள் வந்து நிற்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை மென்பொருளால் ஆனவை. இருந்தும் ஏறக்குறைய ஒவ்வொன்றின் எதிரிலும் 48 பிட் நீளமான ‘வன்பொருள் முகவரி’ எழுதப்பட்டிருக்கிறது.

வன்பொருளே இல்லாத ஒன்றுக்கு வன்பொருள் முகவரி எங்கிருந்து வருகிறது? அதைத் தருவது யார்? அது நிலையானதா, ஒவ்வொரு முறையும் மாறுவதா? இரண்டு இடைமுகங்களுக்கு ஒரே முகவரி வந்துவிட்டால் என்ன ஆகும்? வன்பொருள் முகவரி, அதாவது மேக் முகவரி, தொழிற்சாலையில் அட்டைக்குள் பொறிக்கப்பட்ட மாறாத எண் என்றே பாடத்தில் படிக்கிறோம். இன்றைய பணிசெயல் முறைமைகளில் அந்த வரி பாதி உண்மைதான். மீதிப் பாதியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊவா மாகாணத்தில் இந்தக் கேள்விக்குத் தனிக் கனம் உண்டு. 2021இல் பாடசாலைகள் மூடியிருந்தபோது, லுணுகலைப் பக்கத்துப் பிள்ளைகள் காட்டுக்குள் மரத்தின் மேல் கட்டிய குடிலில் ஏறிச் சிக்னல் பிடித்துப் படித்த செய்தி உலகச் செய்தி நிறுவனங்கள் வரை போனது. தோட்டப்புறங்களில் இணையம் பெரும்பாலும் ஒரு 4ஜி ரவுட்டரையோ, டொங்கிளையோ, ஒரு கைப்பேசியின் ஹொட்ஸ்பொட்டையோ நம்பியிருக்கிறது. சிறிய பாடசாலையில் வலையமைப்பைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆள் கிடையாது. கணினி ஆசிரியரே அந்த வேலையையும் செய்கிறார். இணைப்பு அறுந்தால் ‘சிக்னல் இல்லை’ என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறோம். சில வேளைகளில் கோளாறு கோபுரத்தில் இருப்பதில்லை, முகவரியில் இருக்கிறது.

எண் பிறந்த கதை

ஈதர்நெட் 1973இல் செரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் பிறந்தது. ரொபர்ட் மெட்காஃபும் டேவிட் பொக்ஸும் உருவாக்கிய அந்தச் சோதனை வலையமைப்பில் முகவரிக்கு 8 பிட்டுகள் போதுமாயிருந்தன. 1980இல் டிஜிட்டல், இன்டெல், செரொக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து வெளியிட்ட தரவரையறையில் அது 48 பிட்டாக விரிந்தது. ஏன் இத்தனை பெரிய எண் என்பதற்கான நியாயத்தை யோகன் தலாலும் ரொபர்ட் பிரின்டிஸும் 1981இல் ஓர் ஆய்வுரையில் எழுதினார்கள். தலால் பம்பாய் ஐஐடியில் படித்தவர். 1974இல் விண்டன் சர்ஃபுடனும் கார்ல் சன்ஷைனுடனும் சேர்ந்து டிசிபியின் முதல் வரையறையை எழுதியவர்.

அந்த ஆய்வுரையின் அடிப்படை எண்ணம் இன்று பலருக்கு வியப்பாக இருக்கும். எண் கணினிக்கு உரியது, அட்டைக்கு உரியதன்று என்பதே அவர்கள் கொண்ட நிலை. ஒரு கணினி எத்தனை வலையமைப்புகளில் இணைந்தாலும் அதன் எண் ஒன்றே. சன் நிறுவனத்தின் கணினிகள் இந்த வழியை நெடுநாள் பின்பற்றின. ஒரே கணினியில் இருந்த ஈதர்நெட் இடைமுகங்கள் எல்லாம் இயல்பாக ஒரே முகவரியைப் பயன்படுத்தின. ஒவ்வோர் அட்டையும் தன் சொந்த முகவரியைப் பயன்படுத்த வேண்டுமானால் ஓர் அமைப்பை மாற்ற வேண்டியிருந்தது. மற்ற உற்பத்தியாளர்கள் அட்டைக்கு ஓர் எண் என்ற வழியில் போனார்கள். அதுவே வழக்கமாகி, பாடப்புத்தகத்திலும் ஏறியது.

மென்பொருள் முகவரியை மாற்றுவதும் புதிதன்று. டிஜிட்டல் நிறுவனத்தின் டெக்நெட் நான்காம் கட்டம் 1980களிலேயே அட்டையின் எண்ணை ஒதுக்கிவிட்டு, ‘ஏஏ-00-04-00’ என்று தொடங்கி, கணினியின் டெக்நெட் முகவரியால் முடியும் புதிய எண்ணை எழுதிக்கொண்டது. ஆக, முகவரி யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி ஈதர்நெட்டின் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. மெய்நிகர் இடைமுகங்கள் அதை மறுபடி முன்னுக்குக் கொண்டுவந்தன.

முதல் பைட்டின் இரண்டு பிட்டுகள்

48 பிட்டுகளில் முதல் 24 பிட் உற்பத்தியாளருக்கு ஐஇஇஇ என்னும் பொறியாளர் அமைப்பு ஒதுக்கும் பகுதி. அடுத்த 24 பிட்டை உற்பத்தியாளரே பங்கிடுகிறார். இப்படிப் பெறும் ஓர் ஒதுக்கீட்டுக்குள் 1,67,77,216 முகவரிகள் அடங்கும்.

முதல் பைட்டின் கடைசி இரண்டு பிட்டுகளுக்குத் தனிப் பொருள் உண்டு. மிகக் கடைசிப் பிட் 1 ஆனால் அது ஒரு குழுவுக்கான முகவரி. எந்த இடைமுகமும் அதைத் தன் சொந்த முகவரியாக வைத்துக்கொள்ள முடியாது. அதற்கு முந்திய பிட் 0 ஆனால் ஐஇஇஇ வழியாக வந்த உலகளாவிய முகவரி. 1 ஆனால் உள்ளூரில் நிருவகிக்கப்படும் முகவரி. பதினாறடிமான எண்ணில் எழுதும்போது இரண்டாவது இலக்கம் 2, 6, ஏ, இ ஆகிய நான்கில் ஒன்றாக இருந்தால், அந்த முகவரியை யாரோ உள்ளூரில் உண்டாக்கியிருக்கிறார்கள் என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். குழுப் பிட்டும் உள்ளூர்ப் பிட்டும் போக 46 பிட்டுகள் நம் விருப்பத்துக்கு மிஞ்சுகின்றன. மெய்நிகர் உலகம் வாழ்வது பெரும்பாலும் இந்த நிலப்பரப்பில்தான். 2017இல் வெளியான ஐஇஇஇ 802சி திருத்தம் இந்த உள்ளூர் நிலத்தையும் நான்கு பகுதிகளாகப் பிரித்து ஒழுங்குபடுத்த முயன்றது.

முகவரி பெறும் நான்கு வழிகள்

பணிசெயல் முறைமைகள் பல. இடைமுக வகைகளும் பல. ஆயினும் மெய்நிகர் இடைமுகம் ஒன்று முகவரி பெறும் வழிகளை நான்காகத் தொகுக்கலாம்: கடன் வாங்குதல், எழுமாறாக எடுத்தல், கணக்கிட்டுப் பெறுதல், நியமனம்.

முதலாவது கடன். ஒரே கம்பியில் பல வலையமைப்புகளைப் பிரித்து ஓட்டும் விலான் இடைமுகம் தான் ஏறி நிற்கும் அட்டையின் முகவரியையே எடுத்துக்கொள்கிறது. விலான் எண் வேறாக இருப்பதால் குழப்பம் வருவதில்லை. இரண்டு அட்டைகளை ஒன்றாகப் பிணைக்கும் பொண்டிங் இடைமுகம், முதலில் சேர்ந்த அட்டையின் முகவரியை வாங்கி, மற்ற அட்டைகளுக்கும் அதையே சூட்டுகிறது. 2015இல் லினக்ஸ் கருவில் சேர்ந்த ஐபிவிலான், தாய் இடைமுகத்தின் முகவரியை எல்லாப் பிள்ளை இடைமுகங்களுக்கும் பொதுவாக வைத்து, ஐபி முகவரியைப் பார்த்தே யாருக்கு உரியது என்று பிரிக்கிறது. நம் தோட்டங்களில் லயத்துக்கு வரும் கடிதம் தோட்டத்தின் பொது முகவரிக்கு வந்து, பெயரைப் பார்த்துப் பிரிக்கப்படும் ஏற்பாட்டை ஒத்தது இது. வெளியே இருப்பவருக்கு முகவரி ஒன்றுதான்; பிரிப்பது உள்ளே நடக்கிறது.

லினக்ஸின் பாலம், அதாவது மென்பொருள் சுவிட்ச், கடனிலேயே விசித்திரமான வகை. மனிதரோ வேறு மென்பொருளோ முகவரி குறிக்காவிட்டால், அதில் சேர்ந்திருக்கும் துறைகளின் முகவரிகளில் எண்ணால் மிகச் சிறியது எதுவோ அதைப் பாலம் தன் முகவரியாக வைத்துக்கொள்ளும். துறைகள் மாறினால் அதன் முகவரியும் மாறலாம். இந்த ஒரு விதியிலிருந்து பல தொல்லைகள் கிளைத்தன. அவற்றுக்குப் பின்னர் வருவோம்.

இரண்டாவது எழுமாற்று. கொள்கலன்களை வெளியோடு இணைக்கும் வெத் இணைகள், மெய்நிகர் கணினிகளுக்கான டாப் இடைமுகங்கள், 2007இல் லினக்ஸில் சேர்ந்த மேக்விலான் ஆகியவை யாரும் வேறு சொல்லாவிட்டால் எழுமாறான முகவரியைப் பெறுகின்றன. கரு 6 பைட்டுகளை எழுமாறாக எடுக்கிறது, குழுப் பிட்டை 0 ஆக்குகிறது, உள்ளூர்ப் பிட்டை 1 ஆக்குகிறது, அவ்வளவுதான். 46 பிட் வெளியில் ஒரு பாடசாலையின் சில நூறு இடைமுகங்கள் மோதிக்கொள்ளும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. ஆனால் இடைமுகத்தை அழித்து மறுபடி உண்டாக்கினால் முகவரியும் புதிதாகிவிடும்.

மூன்றாவது கணக்கு. டொக்கர் நெடுங்காலம் ‘02:42’ என்ற இரண்டு பைட்டுகளுக்குப் பின் கொள்கலனின் ஐபி முகவரியின் நான்கு பைட்டுகளை அப்படியே ஒட்டி மேக் முகவரி ஆக்கியது. டெக்நெட்டின் பழைய உத்திதான் இது. ஃப்ரீபிஎஸ்டியின் புதிய பதிப்புகள் கணினியின் தனி அடையாள எண்ணையும் இடைமுகத்தின் பெயரையும் சேர்த்து ஹாஷ் கணக்கிட்டு, ஃப்ரீபிஎஸ்டி அறக்கட்டளைக்கு உரிய ‘58:9சி:எஃப்சி’ தொடக்கத்தோடு முகவரி தருகின்றன. லினக்ஸில் சிஸ்டம்டி 2019இல் வந்த 242ஆம் பதிப்பிலிருந்து பாலம் போன்ற மெய்நிகர் இடைமுகங்களுக்கும் இதேபோல் கணினி அடையாளத்திலிருந்தும் பெயரிலிருந்தும் கணக்கிட்ட முகவரியை வழங்குகிறது. கணக்கின் நன்மை நிலைத்தன்மை: கணினியை எத்தனை முறை மீள இயக்கினாலும் அதே முகவரி வரும்.

நான்காவது நியமனம். மெய்நிகர் கணினிகளை நடத்தும் மென்பொருள்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடக்கம் உண்டு. விஎம்வேருக்கு 00:50:56, வெர்ச்சுவல்பாக்ஸுக்கு 08:00:27, கியூஇஎம்யூவுக்கும் கேவிஎம்முக்கும் 52:54:00. கடைசியதன் இரண்டாவது இலக்கம் 2 என்பதைக் கவனிக்க வேண்டும். அது உள்ளூர் முகவரி. ஹைப்பர்-வி, தான் ஓடும் கணினியின் ஐபி முகவரியின் கடைசி இரண்டு பைட்டுகளைச் சேர்த்து 256 முகவரிகள் கொண்ட குவியலை அமைத்து, அதிலிருந்து வழங்குகிறது. நிருவாகி கையால் எழுதும் முகவரியும் இந்த வகையைச் சேர்ந்ததே.

எந்த முகவரி எந்த வழியில் வந்தது என்பதை லினக்ஸ் கரு நினைவில் வைத்திருக்கிறது. 0 என்றால் வன்பொருளின் நிலையான முகவரி, 1 என்றால் எழுமாற்று, 2 என்றால் வேறோர் இடைமுகத்திடமிருந்து எடுத்தது, 3 என்றால் பயனர் குறித்தது. அட்டையின் பிறவி முகவரியையும் நடப்பு முகவரியையும் தனித்தனியே காத்துவைக்கிறது. கோளாறு தேடுபவருக்கு இந்த ஓர் இலக்கம் பெரும் துணை. முகவரியே இல்லாத இடைமுகங்களும் உண்டு. டன், வயர்கார்ட் போன்ற சுரங்க இடைமுகங்கள் ஐபி அடுக்கிலேயே வேலை செய்வதால் அவற்றுக்கு மேக் முகவரி தேவைப்படுவதில்லை.

கோளாறுகள் எங்கே பிறக்கின்றன

பாலத்தின் ‘மிகச் சிறியது’ விதியை எடுத்துக்கொள்வோம். பழைய கணினி ஒன்றில் நான்கைந்து மெய்நிகர் கணினிகளை ஓட்டி, பாலத்தின் வழியே வலையமைப்பில் இணைத்திருக்கிறோம். புதிதாக ஒன்றை இயக்கும்போது அதன் டாப் இடைமுகத்துக்கு எழுமாறாக ஒரு சிறிய எண் வந்துவிட்டால், பாலத்தின் முகவரி அந்த நொடியே மாறும். மற்றக் கணினிகளின் ஏஆர்பி அட்டவணையில், அதாவது ஐபி முகவரியை மேக் முகவரியோடு பொருத்தும் பட்டியலில், பழைய முகவரி இருக்கிறது. அது புதுப்பிக்கப்படும் வரை சர்வர் எட்டாது. சிறிது நேரத்தில் தானாகச் சரியாகிவிடும். ஏன் போனது, ஏன் வந்தது என்று யாருக்கும் விளங்காது. மெய்நிகர் கணினிகளை நிருவகிக்கும் லிப்வெர்ட் மென்பொருள் இதற்கு ஒரு மருந்து கண்டது: கணினிப் பக்கத்து டாப் இடைமுகத்தின் முதல் பைட்டை ‘எஃப்இ’ என்று வைத்து, அது எக்காலத்திலும் மிகச் சிறியதாகாமல் பார்த்துக்கொண்டது. பாலத்துக்கு நாமே ஒரு முகவரியை எழுதிவிடுவது அதைவிட நேரான தீர்வு.

பொண்டிங்கில் வேறொரு கண்ணி. முகவரியைக் கடன் கொடுத்த அட்டையை விலக்கி, அதே வலையமைப்பில் தனியாகச் செருகினால், ஒரே முகவரி இரண்டு இடங்களில் உயிரோடிருக்கும். லினக்ஸ் கரு இதற்கு எச்சரிக்கை வரி எழுதுகிறது. பதிவுக் கோப்பைப் படிப்பவருக்கு மட்டுமே அது தெரியும்.

கணக்கிட்ட முகவரியின் பலவீனம் நகலெடுப்பில் வெளிப்படுகிறது. ஆய்வுகூடத்தின் 20 கணினிகளுக்கும் ஒரே படிமத்தை நகலெடுத்துப் போடுவது வழக்கம், நேரம் மிச்சம். படிமத்தோடு கணினி அடையாளமும் நகலானால், 20 கணினிகளின் பாலங்களுக்கும் ஒரே மேக் முகவரி கணக்கில் வரும். நியமனத்திலும் இதே ஆபத்து. கியூஇஎம்யூவை முகவரி குறிக்காமல் கட்டளை வரியிலிருந்து இயக்கினால் எப்போதும் 52:54:00:12:34:56 என்பதையே தரும். இரண்டு மாணவர்கள் ஒரே பாலத்தில் இப்படி ஓட்டினால் ஒருவர் பொதியை மற்றவர் பறிப்பார்.

ஒரே முகவரி இரண்டாகும்போது நடப்பது இது: சுவிட்ச் எந்தத் துறையிலிருந்து சட்டகம் வந்ததோ அந்தத் துறையை அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. புதிய செய்தி வராவிட்டால் வழக்கமாக 300 செக்கன்களில் அந்தக் குறிப்பு அழியும். இரண்டு கணினிகள் ஒரே முகவரியிலிருந்து மாறி மாறிப் பேசினால் குறிப்பு இங்கும் அங்கும் தாவும். இருவருக்கும் பாதி பொதிகள் வரும், பாதி தொலையும். பார்ப்பவருக்கு அது மோசமான சிக்னல் போலவே தெரியும்.

அட்டைக்கும் எல்லை உண்டு. மேக்விலான் இடைமுகம் ஒவ்வொன்றும் கூடும்போது, தாய் அட்டையின் வடிகட்டியில் ஒரு முகவரி கூடுகிறது. வடிகட்டியின் இடம் தீர்ந்தால் அட்டை எல்லாச் சட்டகங்களையும் வாங்கும் நிலைக்குப் போய்விடும். தேவையற்றதைக் கழிக்கும் வேலை செயலியின் தலையில் விழும். பழைய கணினியில் இந்தச் சுமை கண்ணுக்குத் தெரியும்.

வைஃபையும் டொங்கிளும்

கம்பி வலையமைப்பை மனத்தில் வைத்து எழுதப்பட்ட கையேடுகள் மலையகத்தில் தடுமாறுவது இந்த இடத்தில்தான். வைஃபையில் ஒரு கருவி தன் முகவரியைச் சொல்லி அணுகல் புள்ளியுடன் இணைகிறது. அந்த முகவரியிலிருந்து வரும் சட்டகத்தை மட்டுமே அணுகல் புள்ளி ஏற்கும். ஆகவே மடிக்கணினியின் வைஃபை மேல் மேக்விலானையோ சாதாரணப் பாலத்தையோ போட்டு, உள்ளே இருக்கும் மெய்நிகர் கணினிக்குத் தனி முகவரி கொடுத்தால் அது வெளியே போகாது. வெர்ச்சுவல்பாக்ஸ் இதைத் தெரிந்தே வைஃபையில் வேறுவிதமாக நடக்கிறது. மெய்நிகர் கணினி அனுப்பும் சட்டகத்தின் மூல முகவரியை மடிக்கணினியின் வைஃபை முகவரியாக மாற்றி அனுப்பி, திரும்பி வருவதை ஐபி முகவரியைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கிறது. லினக்ஸில் நாமே அமைக்கும்போது ஐபிவிலானோ, ஐபி முகவரியை மாற்றி அனுப்பும் நெட் (NAT) முறையோ இதற்குப் பொருந்தும். ஒரே ஒரு வைஃபை ரவுட்டரை நம்பிப் படிக்கும் மாணவருக்கு இந்த ஒரு செய்தி பல மாலைப்பொழுதுகளை மிச்சப்படுத்தும்.

4ஜி டொங்கிள் இன்னொரு பாடம். அது கையில் பிடிக்கக்கூடிய வன்பொருள்தான். ஆனால் சில மொடெம் வகைகளில் எல்லாக் கருவிகளும் ஒரே மேக் முகவரியையே கணினிக்குச் சொல்கின்றன. லினக்ஸின் டிரைவர் அந்த முகவரிகளை அடையாளம் கண்டு ஒதுக்கிவிட்டு, உள்ளூர்ப் பிட் இட்ட எழுமாற்று முகவரியை வைக்கிறது. பழைய ராஸ்பெரி பை பலகைகளிலோ முகவரி கருவியின் தொடர் எண்ணிலிருந்து கணக்கிடப்படுகிறது. வன்பொருள் முகவரி என்பது வன்பொருளிலும் முழுமையாகப் பொறிக்கப்பட்ட ஒன்றல்ல என்பதற்கு இவை போதிய சான்று.

முகவரி அடையாளமாகுமா?

மேக் முகவரியைப் பட்டியலிட்டு, பட்டியலில் உள்ள கருவிகளுக்கு மட்டும் இணைப்பு தரும் பழக்கம் பாடசாலைகளிலும் கடைகளிலும் இன்னும் இருக்கிறது. அதற்கு இனி அடித்தளம் இல்லை. ஐபோன்கள் 2014இல் வைஃபை தேடும்போது முகவரியை மறைக்கத் தொடங்கின. 2019இல் ஆண்ட்ரொய்ட் 10, 2020இல் ஐஓஎஸ் 14 ஆகியவை ஒவ்வொரு வைஃபைக்கும் வெவ்வேறு எழுமாற்று முகவரியை இயல்பாக்கின. கடைக்குக் கடை, சந்திக்குச் சந்தி ஒருவரின் நடமாட்டத்தை முகவரியை வைத்துத் தொடர்வதைத் தடுப்பது நல்ல நோக்கம். அதை வரவேற்க வேண்டும். ஐபிவி6இலும் இதே திருப்பம் நடந்தது. முன்பு மேக் முகவரியிலிருந்து நேராக ஐபிவி6 முகவரி உருவானது. 2014இன் ஆர்எஃப்சி 7217 அந்தத் தொடர்பை அறுக்கும் வழியைத் தந்தது.

மறுபுறம், ஒரு பிள்ளையைத் தடுக்கவோ அனுமதிக்கவோ மேக் முகவரியை நம்பும் ஆசிரியர் ஏமாறுவார். முகவரியை மாற்ற ஒரு கட்டளை போதும். ஆள் யார் என்று அறிய வேண்டிய இடத்தில் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொண்ட உறுதிப்படுத்தலே முறை. இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு முன்னெடுக்கும் எடுரோம் சேவை அந்த வழியில்தான் இயங்குகிறது. அதில் மாணவர் எந்தக் கருவியோடு வந்தார் என்பது பொருட்டல்ல; யார் வந்தார் என்பதே கேள்வி.

தீர்ப்பு

நான்கு வழிகளில் எது சிறந்தது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. எந்த வேலைக்கு எது என்று சொல்ல முடியும். சிறிது நேரம் வாழ்ந்து மறையும் கொள்கலனுக்கு எழுமாற்று போதும். வைஃபையின் மேல் அமரும் இடைமுகத்துக்குக் கடனே வழி. பிறர் தேடி வரவேண்டிய சர்வர், பாலம், ரவுட்டர் ஆகியவற்றுக்கு நாமே எழுதும் உள்ளூர் முகவரியே நம்பகமானது. அதன் இரண்டாவது இலக்கம் 2, 6, ஏ, இ இவற்றில் ஒன்றாக இருக்கட்டும். எழுதிய முகவரியைக் கணினி அறைக் குறிப்பேட்டில் இடைமுகத்தின் பெயரோடும் திகதியோடும் பதிந்து வையுங்கள். படிமம் நகலெடுத்தால் கணினி அடையாளத்தைப் புதிதாக்கிய பிறகே வலையமைப்பில் சேருங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘மாறாத எண்’ என்ற வரியோடு பாடத்தை நிறுத்தாதீர்கள். சிஸ்டம்டி முகவரி குறிக்காத ஒரு மடிக்கணினியில் பாலம் ஒன்றை அமைத்து, துறைகளைச் சேர்த்தும் நீக்கியும், முகவரி மாறுவதை மாணவரின் கண் முன்னே காட்டுங்கள். அதற்கு இணைய இணைப்புக்கூடத் தேவையில்லை. பதுளையில் 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் கணினி விஞ்ஞானமும் தொழினுட்பமும் கற்பிக்கிறது. அதன் வாசலுக்கோ வேறெந்தப் பல்கலைக்கழகத்துக்கோ போக விரும்பும் தோட்டத்துப் பிள்ளை, அடிப்படையைத் தன் தாய்மொழியில் சரியாக அறிந்து போக வேண்டும். வன்பொருள் முகவரி இன்று வன்பொருளுக்குச் சொந்தமானதல்ல. அதைத் தீர்மானிப்பது பணிசெயல் முறைமை. பணிசெயல் முறைமைக்குச் சொல்ல வேண்டியவர், அதை நடத்தும் மனிதர்.